வெயிலில நிண்டுட்டுக் குளிச்சால் விற்றமின் டி கழுவுப்பட்டுப் போகுமா?

கிணத்தடிப்பெட்டை | பின்னேரம் 6.12

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி சின்னன், கதை கொஞ்சம் நீளம்.

வீடு உப்புவெளியில. அம்மாவுக்கு 63 வயசு. போன வருசத்தில இருந்து இடுப்பும் தொடையும் உளையுது எண்டு சொல்லிக்கொண்டிருந்தவ. அரிசி புடைக்க நிலத்தில குந்தினா எழும்புறது பெரிய பாடு. ஒரு கையை முழங்காலில ஊண்டி, மற்றக் கையால கதவு நிலையைப் பிடிச்சு, "முருகா" எண்டு சொல்லித்தான் எழும்புவா. வயசுதான் எண்டு நாங்களும் விட்டுட்டம். கிளினிக்கில டொக்டர் பார்த்துட்டு விற்றமின் டி பார்க்கச் சொல்லி எழுதினவர். வெளியில காசு குடுத்து எடுத்த றிப்போட்டில 11 எண்டு கிடக்கு. 20க்குக் கீழ எண்டா குறைவாம்.

"திருகோணமலையில பிறந்து வளந்தவளுக்கு வெயில் காணாதாமோ" எண்டு அம்மாவே சிரிச்சவ.

பிரச்சினை அதுக்குப் பிறகுதான் தொடங்கினது. பெரியம்மா வட்ஸ்அப்பில ஒரு குரல்பதிவு அனுப்பினவ. வெயிலில நிண்டபிறகு 48 மணித்தியாலத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் குளிக்கக் கூடாதாம். விற்றமின் தோலில இருக்கிற எண்ணெய்க்குள்ளதான் ஊறுதாம், குளிச்சா எண்ணெயோட சேர்ந்து கழுவுப்பட்டுப் போயிடுமாம். இப்ப அம்மா விடிய ஆறரைக்கு முத்தத்தில கதிரையைப் போட்டு இளவெயில் காயுறா. பேந்து குளிக்கிறா இல்லை. கச்சான் காத்து அனலா அடிக்கிற இந்த ஆனி மாசத்தில! நாளுக்கு ரெண்டு தரம் குளிச்ச மனிசி. வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போறதுக்கு மட்டும் முழுகுறா.

டொக்டர் தந்த கப்ஸ்யூலையும் போடுறா இல்லை. அம்மா சுத்த சைவம். அந்தக் கோது மாட்டில இருந்து செய்யுறது எண்டு ஆரோ சொல்லிப் போட்டாங்க.

வீட்டில வெளிச்சத்துக்குக் குறையும் இல்லை. கிணத்தடியை மறைச்சுத் தம்பி கட்டின பாத்ரூமுக்கு மேல கண்ணாடி மாதிரி ஷீட்தான் போட்டிருக்கு. பகலில லைட்டே தேவையில்லை.

இந்தக் குளிக்காத கதை உண்மையோ? விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்ட வேணும்.

கச்சான்காற்று | 6.31

48 மணித்தியாலம் குளிக்காமல் டிப்போவுக்கு வந்து பஸ் ஏறச் சொல்லுங்கோ. விற்றமின் கிடைக்குதோ இல்லையோ, சீற் கட்டாயம் கிடைக்கும்.

பழைய_சயன்ஸ் | 7.20

பெட்டை, உன் பெரியம்மா அனுப்பியது முழுப் பொய் அல்ல, மிகப் பழைய பிழை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவனுக்குச் சுருக்கிச் சொல்ல வராது.

காகம் குளித்துவிட்டு மதிலில் இருந்து என்ன செய்கிறது என்று பார்த்திருப்பாய். வாலடியில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அலகால் அதைத் தொட்டுத் தொட்டு இறகு முழுவதும் பூசும். இறகும் மயிரும் மூடிய பிராணிகளுக்கு வெயில் தோலில் நேரே படுவது குறைவு. அந்த எண்ணெயில் வெயில் பட்டு உண்டாகும் விற்றமினைப் பறவை இறகு கோதும்போதும், மயிர் உள்ள மிருகங்கள் உடம்பை நக்கும்போதும் விழுங்குகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். மனிதருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். தோலைக் கழுவி எடுத்த எண்ணெயில் விற்றமின் உண்டாகும் மூலப்பொருள் இருக்கிறது என்று 1937இல் ஒரு கட்டுரையும் வந்தது. உன் பெரியம்மாவின் குரல்பதிவுக்குப் பூட்டன் முறை அந்தக் கட்டுரை.

1980இல் அமெரிக்காவில் ஹொலிக் என்பவரின் குழு இந்த விசயத்தைத் தெளிவாக்கியது. மூலப்பொருளின் பெயர் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரோல். நம் தோலின் மேற்படைக்குக் கீழே, உயிருள்ள கலங்களின் சவ்வில்தான் அது அதிகம் இருக்கிறது. வெயிலில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா பி கதிர் அங்கே இறங்கி அதைத் தாக்கி முன்-விற்றமினாக மாற்றுகிறது. பிறகு உடம்பின் சொந்தச் சூட்டிலேயே சில மணித்தியாலங்களில் அது விற்றமின் டியின் ஒரு வகையான டி3 ஆகி, அங்கிருந்து நேரே இரத்தத்துக்குப் போகிறது. சவர்க்காரம் மேலே இருக்கும் செத்த படையையும் எண்ணெயையும்தான் எடுக்கும். கலத்துக்குள் கைவிட்டு எடுக்க அதால் முடியாது.

ஆகவே அம்மா தாராளமாகக் குளிக்கலாம். விடிய ஆறரை இளவெயில் காய்வது மட்டும் நல்ல பழக்கம், அதை விடவேண்டாம்.

கிணத்தடிப்பெட்டை | 7.34

நன்றி சேர். பூட்டன் முறை எண்டதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். பெரியம்மாவுக்கும் கேட்கட்டும் எண்டு சத்தமா வாசிக்கச் சொல்லுறா.

பாமசிப்பொடியன் | இரவு 8.55

கடை பூட்டிட்டு வந்துதான் பார்த்தனான். குளிக்கிற விசயத்தில சேர் சொன்னது முழுக்கச் சரி. கடைசி வரியை மட்டும் மறுக்க வேண்டிக் கிடக்கு, குறை நினைக்காதைங்கோ.

ஆறரை வெயிலில விற்றமின் டி அனேகமா வராது. சூரியன் அடிவானத்தில சரிஞ்சு நிக்கேக்க கதிர் வளிமண்டலத்துக்குள்ளால சாய்வா, கனதூரம் வரவேணும். புற ஊதா பி முழுக்க அங்கயே ஓசோனில உறிஞ்சுப்பட்டுப் போயிடும். எங்களுக்கு வாறது வெளிச்சமும் இதமான சூடும்தான். மனசுக்கும் நித்திரைக்கும் அது நல்லது, எலும்புக்கு ஒண்டும் இல்லை. ஒரு லேசான கணக்கு இருக்கு: உங்கட நிழல் உங்கட உயரத்தைவிட நீளமா இருந்தா அந்த நேர வெயிலில பெரிசா ஒண்டும் வராது. நிழல் கட்டையானாத்தான் வேலை நடக்கும். திருப்பதியில இதைச் சோதிச்சுப் பார்த்திருக்கினம், எங்கட திருகோணமலையைவிடக் கொஞ்சம் வடக்கு. அங்க பகல் 11 மணியில இருந்து 2 மணி வரைக்கும்தான் கூட உண்டாகினது.

பிறந்த பிள்ளைக்கு இளவெயில் காட்டுறதும் இதே கதைதான். மஞ்சள் பூத்த பிள்ளையை வெயிலில பிடிச்சாச் சுகமாகும் எண்டு வீட்டோட வச்சிருக்காமல் டொக்டரிட்டக் காட்ட வேணும். விற்றமினுக்கெண்டா கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்து இருக்கு, நாளுக்கு 400 யூனிட். மத்தியான வெயிலில பிடிக்கிற வேலை கூடவே கூடாது.

பழைய_சயன்ஸ் | 9.10

பரம்பரை பரம்பரையாகச் சொன்ன இளவெயில் வீண் என்கிறீரா தம்பி? நாளைக்குப் பார்ப்போம்.

வள்ளக்காரன்_மகன் | 9.48

எங்கட அப்பா நாப்பது வருசம் கடலில. வெயில் காணாது எண்ட பேச்சே எங்கட வீட்டில இல்லை. ஆனா ரெண்டு கண்ணிலயும் மூக்குப் பக்கத்தில இருந்து சதை வளந்து கருமணியைத் தொடுற அளவுக்கு வந்து, ஒண்டை வெட்டி எடுத்தது. கடல் வெயிலும் காத்தும்தான் காரணம் எண்டு கண் டொக்டர் சொன்னவர். வெயிலைப் பற்றிப் பெருமையாக் கதைக்கேக்க இதையும் சொல்லுங்கோ. இப்ப நீளக்கைச் சட்டையும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுத்தான் வள்ளத்தில ஏறுறார், சின்ன ஹீரோ மாதிரி.

அம்மா சைவம் எண்டபடியால் சொல்லிப் பிரயோசனம் இல்லை, மற்ற ஆக்களுக்குச் சொல்லுறன். கீரிமீன், சாளை, சூடை எண்டு கொழுப்புள்ள சின்ன மீனில இந்த விற்றமின் இருக்கு. விலை கூடின மீனுக்கு ஓடத் தேவையில்லை.

பனிக்குள்_திருமலையான் | இரவு 11.02

டொரொண்டோவில் இருந்து. இங்க கார்த்திகையில இருந்து மாசி வரைக்கும் சூரியன் வரும், சிரிக்கும், போகும். சேர் சொல்ற புற ஊதா பி அந்த மாசங்களில தரைக்கு வாறதே இல்லை எண்ட மாதிரித்தான். அதனாலதான் இங்க பசும்பாலில விற்றமின் டி சேர்க்க வேணும் எண்டு சட்டமே இருக்கு. நானும் நாளுக்கு 1000 யூனிட் குளிசை போடுறன். போன மாசம் எடுத்த றிப்போட்டில 68. அம்மாவுக்கு 11 எண்டு வாசிக்கப் பயமாக் கிடக்கு தங்கச்சி, உடன ஆஸ்பத்திரியில காட்டுங்கோ.

போன முறை ஊருக்கு வந்து நிலாவெளியில "சேர்த்து வைப்பம்" எண்டு பகல் முழுக்கக் கடலுக்க கிடந்தனான். தோள் உரிஞ்சு, ஒரு கிழமை பெனியன் போடாமல் விசிறிக்குக் கீழ குப்புறப் படுத்தனான். லீவில பாதி அதிலயே போச்சு.

பாமசிப்பொடியன் | விடிய 6.40

அண்ணை, உங்கட 68 வேற அளவை. கனடாவில நனோமோல் கணக்கு, இங்க பெரும்பாலும் நனோகிராம். உங்கட இலக்கத்தை 2.5ஆல பிரிச்சா 27 தான் வரும். அம்மாட 11ஐ உங்கட அளவையில சொன்னா 27.5. இலக்கத்தை மட்டும் பார்த்து ஒப்பிடக் கூடாது, பக்கத்தில என்ன அளவை எழுதிக் கிடக்கு எண்டும் பார்க்க வேணும்.

எவ்வளவு இருந்தாக் காணும் எண்டதில டொக்டர்மாருக்குள்ளயே ஒத்த கருத்தில்லை. சிலர் 20 காணும் எண்டினம், சிலர் 30 வேணும் எண்டினம். வருத்தம் இல்லாத ஆக்கள் சும்மா சும்மா இந்தச் சோதனை எடுக்கத் தேவையில்லை எண்டும் 2024இல அமெரிக்க ஹோர்மோன் வைத்தியர் சங்கம் சொல்லியிருக்கு. ஆனா 11, அதோட தொடை உளைவு, குந்தி எழும்ப ஏலாமை எண்டா அது வேற கதை. அது எலும்பு உறுதி இல்லாமல் மெதுமையாகி, தசையும் சோர்ற குணம்குறியா இருக்கலாம். டொக்டர் சோதனை எழுதினது சரிதான்.

கப்ஸ்யூல் கதை: அந்தக் கோது ஜெலற்றின். மாட்டில இருந்தும் வரலாம், பண்டியில இருந்தும் வரலாம். அம்மா கேட்டதில பிழையே இல்லை. டொக்டரிட்டச் சொன்னா மாத்திரையாவோ சொட்டாவோ மாத்தித் தருவார். உள்ள இருக்கிற டி3 அனேகமா ஆட்டு ரோமத்தில இருந்து எடுக்கிற மெழுகுக்கு வெயில் மாதிரி லைட் அடிச்சுச் செய்யுறது. ரோமம் கத்தரிக்கிறது, ஆட்டை வெட்டுறதில்லை. அதுவும் வேண்டாம் எண்டா பாசியினத்தில இருந்து எடுக்கிற டி3 இருக்கு. காளானில வாற மாதிரி டி2வும் இருக்கு.

கிண்ணியா_ராத்தா | காலை 9.15

அந்தக் கோது விசயத்த நாங்களும் கேப்பம் தம்பி. பண்டியில இருந்தும் வரும் எண்டதால நாங்க ஒவ்வொரு பெட்டியையும் திருப்பித் திருப்பிப் பாப்பம். கோயிலுக்குப் போற அம்மாவும் பள்ளிக்குப் போற எங்கட வாப்பாவும் ஒரே கப்ஸ்யூலுக்குப் பயப்படுறது நல்ல பகிடிதான்.

மாத்திரைக் கதை வந்ததால எங்கட வீட்டுக் கதையையும் சொல்றன். வாப்பாக்கு இந்தியாவில இருந்து வந்த ஒராள் 60,000 யூனிட் கப்ஸ்யூல் பெட்டி ஒண்டு கொண்டுவந்து குடுத்தார். கிழமைக்கு ஒண்டு எண்டு இங்கிலீசில போட்டிருந்திச்சி. வாப்பா நாளைக்கி ஒண்டு போட்டுட்டார், ரெண்டு மாசமா. தண்ணித் தாகம் அடங்கல்ல, சாப்பாடு வேணாம், மலம் போகல்ல, பொறகு சத்தி. கடைசில புள்ளைகள்ட பேரையே மாத்திக் கூப்பிடத் தொடங்கிட்டார். நாங்க பாரிசவாதம் எண்டு பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கித் தூக்கிட்டுப் போனோம். ரத்தத்தில கல்சியம் ஏறிக் கிடந்திச்சி. கிழமைக் கணக்கில சேலைன் ஏத்தித்தான் ஆள் சரியானார். அல்ஹம்துலில்லாஹ். விற்றமின் தானே, கூடினா என்ன எண்டு யாரும் நினைக்காதீங்க.

பாமசிப்பொடியன் | 9.22

ராத்தா சொன்னது தங்கம். மிஞ்சினதை மூத்திரத்தோட விட இது விற்றமின் சீ இல்லை, கொழுப்பில தங்கும். டொக்டர் சொல்லாமல் நாளுக்கு 4000 யூனிட்டுக்கு மேல போகவே கூடாது. வெயிலால மட்டும் இந்த ஆபத்து இல்லை. அளவுக்கு மிஞ்சினா அதே வெயிலே மிச்சத்தை வேற பொருளா உடைச்சுப் போடும்.

கச்சான்காற்று | 9.40

ராத்தா, கேக்கிறன் எண்டு கோவிக்காதைங்கோ. உங்கட பக்கம் அபாயா போடுறதால இந்தக் குறை கூட எண்டு கதைக்கிறாங்களே?

கிண்ணியா_ராத்தா | 10.05

கோவிக்கல்ல, எதிர்பாத்துட்டுத்தான் இருந்தன். உடம்பு மூடினா வெயில் படாது எண்டது உண்மைதான், அத மறைக்கத் தேவல்ல. ஆனா ஒண்ட யோசிங்க. எங்கட உம்மம்மாவும் றோட்டில தலைல முக்காடு, உடம்ப மூடின சேலை. மணிக்கட்டுக்கு மேல ஒருத்தரும் கண்டதில்ல. ஆனா வளவுக்குள்ள? பெரிய வளவு, சுத்திவரக் கிடுகுவேலி, நடுவில கிணறு. பத்து மணிக்கிச் சமையல் முடிச்சி, உடுப்பத் தோய்ச்சி, குறுக்குக்கட்டோட நிண்டு வாளி வாளியா அள்ளிக் குளிப்பா. தோள், கை, முதுகு, முழங்கால் எல்லாத்திலயும் வெயில் விழும். ஆம்பிள இல்லாத வளவு, யாரு பாக்க?

இப்ப அந்த வளவு நாலு புள்ளைகளுக்கு நாலு துண்டாப் போச்சி. பக்கத்தில ரெண்டு மாடி. மேல நிண்டா எங்கட கிணத்தடி படம் மாதிரித் தெரியும். நாங்க உள்ளுக்க பாத்ரூம் கட்டிட்டோம். றோட்டில போடுற உடுப்பு இல்ல தம்பி மாறினது, வீட்டுக்குள்ள இருந்த வெயில்தான் போச்சி. உங்கட பக்கத்துப் பொம்புளைகளும் இப்ப அப்படித்தானே?

கிணத்தடிப்பெட்டை | 10.30

ராத்தா, நீங்க எழுதினதை வாசிக்க எனக்கு மயிர் கூச்செறிஞ்சது. அச்சொட்டா எங்கட வீடுதான்.

அம்மா கலியாணம் கட்டி வந்த காலத்தில இருந்து கிணத்தடியிலதான் குளிப்பா. கப்பி கிரீச் கிரீச் எண்டு கேட்டா பத்தரை எண்டு அர்த்தம், பக்கத்து வீட்டு ஆச்சி அதைக் கேட்டுத்தான் உலை வைப்பா. சனிக்கிழமையில நல்லெண்ணெய் வச்சு, அரப்பும் தேசிக்காயும் அவிச்சுத் தோய்வா. எண்ணெய் ஊறட்டும் எண்டு தோய்க்கிற கல்லில அரைமணித்தியாலம் இருந்து கீரை ஆய்வா. நான் சின்னனில அந்த முதுகில தண்ணித்துளி வெயிலுக்கு மினுங்குறதைப் பார்த்துக்கொண்டு நிக்கிறனான்.

2004 சுனாமிக்குப் பிறகு கிணத்துத் தண்ணி உவர்ப்பாப் போச்சு. இறைச்சு இறைச்சுப் பார்த்தும் பழைய ருசி வரவேயில்லை. பேந்து பைப் தண்ணி வந்தது. பைப் வந்தா ஷவர், ஷவர் வந்தா பாத்ரூம். அம்மா இப்ப காலமை அஞ்சரைக்கே உள்ளுக்க குளிச்சு முடிச்சிடுவா. மருமகள் வேலைக்குப் போறதுக்கு முதல் பாத்ரூமை விட வேணுமாம். உடுப்புக்கு மெசின். கீரை ஆயுறது ரீவிக்கு முன்னால.

குளிக்கிறதால போச்சோ எண்டு கேட்டு வந்தனான். இப்ப பார்த்தா, குளிக்கிற இடம் மாறினதால போயிருக்கு.

பழைய_சயன்ஸ் | பகல் 1.15

தோல்வியை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

இன்று விடியற்காலை முற்றத்தில் ஒரு மீற்றர் தடியை நேராக நட்டேன். மனிசி "பென்சனுக்கு வந்தும் இந்த விளையாட்டு விடவில்லையோ" என்றார். 7 மணிக்கு நிழல் மூன்றரை மீற்றருக்கு மேல், பக்கத்து வீட்டு வேலியைத் தாண்டிவிட்டது. 9 மணிக்குத் தடியைவிடக் கொஞ்சம் நீளம். ஒன்பதேகாலுக்குச் சரி சமம். 12 மணிக்குத் தடியில் கால்வாசிதான், அதுவும் தெற்குப் பக்கம் விழுந்தது. இந்த மாதத்தில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறான் என்பதை வகுப்பில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன், நிழலைக் கண்ணால் பார்த்தது இன்றுதான். சித்திரை வருடப் பிறப்பை ஒட்டி அவன் நேரே தலைக்கு மேல் நிற்பான், பிறகு ஆவணியில் திரும்பி வரும்போது இன்னொரு தரம்.

ஆக, பாமசித் தம்பி சொன்னது சரி. அம்மாவின் கதிரையை ஆறரையில் இருந்து ஒன்பதரைக்கு மாற்றவும். நான் படிப்பித்த பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், இளவெயில் பற்றி நான் சொன்னதை அழித்துவிடுங்கள்.

தம்பலகாமம்_வயல் | 2.40

ஒரு சந்தேகம். மாமா கிட்னி கிளினிக்குக்குப் போறவர். அவர் வயலிலயே கிடக்கிற மனிசன், உடம்பு கருகிப் போச்சு. அவருக்கும் விற்றமின் டி எண்டு அல்பாகல்சிடோல் குடுக்கிறாங்க. வெயில் காணாதே அவருக்கு?

பாமசிப்பொடியன் | 3.05

காணும் அண்ணை. ஆனா தோலில வாற விற்றமின் அப்படியே வேலை செய்யாது. முதல் ஈரல் அதை ஒருக்கா மாத்தும், ரத்தச் சோதனையில பார்க்கிறது அதைத்தான். பேந்து சிறுநீரகம் இன்னொருக்கா மாத்தினாத்தான் எலும்புக்கு உதவும். மாமாட கிட்னிக்கு அந்தக் கடைசி வேலை செய்ய ஏலாது. அந்த வேலை முடிச்ச மருந்துதான் அது. அவர் எத்தினை மணித்தியாலம் வயலில நிண்டாலும் அதுக்கு ஈடாகாது. அதை நிப்பாட்ட விடாதைங்கோ, அதோட கடையில வேற விற்றமின் டி வாங்கிச் சேர்க்கவும் விடாதைங்கோ. வலிப்புக்கு மருந்து போடுற ஆக்களுக்கும் இந்த விற்றமின் குறையலாம், அவையும் கிளினிக்கில கேட்கிறது நல்லது.

கச்சான்காற்று | 3.30

அப்ப கன்னியாவுக்குக் கொண்டுபோய் ஏழு கிணத்திலயும் ஊத்தினா? சேர் சொன்னவர் சூட்டிலதான் டி3 ஆகுது எண்டு. அங்க தண்ணி இயற்கையாவே சூடு!

பழைய_சயன்ஸ் | 3.52

தம்பி, அந்த வேலைக்கு உன் உடம்பின் சூடே போதும். வெந்நீர் ஊற்றி அதைக் கூட்ட முடியாது. கன்னியாவில் குளித்தால் உளைவு ஆறும், இராவணன் தாய்க்கு ஈமக்கடன் கழித்த இடம் என்று மனமும் ஆறும். விற்றமின் வேண்டுமானால் அங்கே கூரையில்லாத கிணற்றுக்கட்டில் நின்று ஊற்றும் நேரத்தில் தோளில் விழும் வெயிலால்தான் வரும். ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள் விடிய நாலு மணிக்கே போய்விடுவார்கள், அதுவும் இல்லை.

பனிக்குள்_திருமலையான் | 4.20

பொடியன், நேரத்தையும் சொல்லுமன். எவ்வளவு நேரம் நிக்க வேணும் எங்கட நிறத்துக்கு?

பாமசிப்பொடியன் | 6.50

ஒரே இலக்கம் சொல்ல ஏலாது. கறுப்பு நிறம் எங்களுக்குக் குடை மாதிரி, புற ஊதாவைத் தடுத்து வைக்கும். வெள்ளைக்காரருக்குப் பத்து நிமிசம் எண்டு வாசிச்சதை எங்களுக்குப் பொருத்தக் கூடாது, அதைப்போல சில மடங்கு தேவை. வயசு போனாத் தோலில மூலப்பொருளும் குறையும். எழுபதில இருபது வயசுத் தோலின்ர பாதி வேலைகூட நடக்காது. உடம்பு கொழுத்த ஆக்களுக்கு வாறதில ஒரு பங்கு கொழுப்புக்குள்ள ஒளிச்சிடும்.

அம்மாவுக்கு எண்டா, ஒன்பதரை பத்து மணிக்கு, கையும் முழங்காலுக்குக் கீழயும் முடிஞ்சா முதுகும் வெளியில தெரிய, இருபது முப்பது நிமிசம், கிழமைக்கு நாலஞ்சு நாள். முகத்தை மூடலாம், தலையில துவாய் போடலாம். தோல் சுடுற மாதிரி இருந்தா உடன நிழலுக்க வரவேணும். உச்சி வெயில் வேண்டாம், எங்கட பக்கத்து மத்தியானம் ஆருக்கும் மருந்தில்லை. முதுகில எண்ணெய் வச்சிருந்தாலும் பரவாயில்லை, நல்லெண்ணெய் தடுக்கிறது சொற்பம்.

ஆனா வெயிலை மட்டும் நம்பி 11ஐ ஏத்தப் பார்க்க வேண்டாம். டொக்டர் தாற மாத்திரையைப் போட்டு, மூண்டு மாசத்தால திரும்பச் சோதிச்சுப் பார்க்கட்டும். அதுக்கு முதல் பார்த்தால் காசுதான் வீண், இலக்கம் ஏறி நிலைக்க அவ்வளவு காலம் வேணும்.

சைவ ஆக்களுக்கு இன்னொண்டு: காளானை வெயிலில அரைமணித்தியாலம், குடையின் அடிப்பக்கம் மேல பார்க்கக் கவுத்து வச்சு எடுத்தா அதில டி2 உண்டாகும். எங்கட தோலைப் போலத்தான் அதுவும்.

வள்ளக்காரன்_மகன் | இரவு 7.30

நான் ஒண்டு கேக்கிறன். தொடக்கத்தில தங்கச்சி எழுதினவ, பாத்ரூமுக்கு மேல கண்ணாடி மாதிரி ஷீட், நல்ல வெளிச்சம் எண்டு. எங்கட வாடியிலயும் அதே ஷீட்தான் போட்டிருக்கு. அதுக்குள்ளால இந்தப் புற ஊதா வருமோ?

பாமசிப்பொடியன் | 7.41

அட, நான் கவனிக்கவேயில்லை! வராது. யன்னல் கண்ணாடிக்குள்ளாலயே புற ஊதா பி வராது, பொலிகாபனேற் ஷீட் எண்டா சொல்லவே வேண்டாம், முழுக்கத் தடுக்கும். வெளிச்சம் வரும், சூடு வரும், வேர்க்கும். விற்றமின் மட்டும் வராது.

கிணத்தடிப்பெட்டை | 7.58

அப்ப அம்மா அதுக்குள்ள நிண்டு "வெயிலுக்கதான் நிக்கிறன்" எண்டு சொன்னதெல்லாம்?

கச்சான்காற்று | 8.01

மரக்கறிக் கடையில கண்ணாடி அலுமாரிக்குள்ள வச்ச பாண் மாதிரி.

கிணத்தடிப்பெட்டை | மூண்டு கிழமையால, ஞாயிறு காலை 11.20

இதை ஆராவது இன்னும் பார்க்கிறியளோ தெரியாது. நடந்ததைச் சொல்ல வேணும் எண்டு வந்தனான்.

டொக்டர் கப்ஸ்யூலை மாத்தி மாத்திரை தந்தவர், அம்மா போடுறா. பெரியம்மாவுக்குப் பூட்டன் கதையை அம்மாவே போன் எடுத்துச் சொன்னவ. பெரியம்மா ரெண்டு நாள் கதைக்கவில்லை, மூண்டாம் நாள் தானும் குளிச்சிட்டா எண்டு கேள்வி.

கிணத்தை இறைச்சுத் துப்புரவாக்கினம். தண்ணி இன்னும் கொஞ்சம் உவர்தான், குடிக்க ஏலாது, மேலுக்கு வாக்கலாம். தலைக்கு மட்டும் கடைசியில ரெண்டு வாளி பைப் தண்ணி. பழைய கப்பி கறள் பிடிச்சுப் போச்சு, வேற வாங்கினது. கிரீச் எண்ட சத்தம் இல்லாததுதான் அம்மாவுக்குக் குறை. ஒழுங்கைப் பக்கம் நாலடிக்குத் தகரம் அடிச்சு, அதுக்கு மேல பழைய சேலை கட்டியிருக்கு. ராத்தா, நீங்க சொன்ன ரெண்டு மாடிப் பிரச்சினை எங்களுக்கும் இருக்கு, அந்தப் பக்கம் மாத்திரம் உயரமா மறைப்புப் போட்டம். அது கிழக்கு மூலையில. சேர், பத்து மணிக்கு நிழல் கல்லில விழுமோ எண்டு தடி நட்டுத்தான் பார்த்தனாங்கள், விழவில்லை.

தொடை உளைவு இன்னும் கிடக்கு. குந்தி எழும்ப இன்னும் கதவு நிலை வேணும். பொறுத்துத்தான் பார்க்க வேணும்.

இப்ப தம்பி பாத்ரூமுக்கு மேல ஏறி நிண்டு ஷீட்டைக் கழட்டுறான். கிணத்தடிக்கு மேல நீட்டிக்கொண்டிருந்த பாதியைத்தான். அம்மா கீழ ஏணியைப் பிடிச்சுக்கொண்டு, விழுற ஆணியை எல்லாம் ஒண்டொண்டாப் பொறுக்கிச் சிரட்டைக்குள்ள போடுறா. "வளையாததை எறியாதையடா, கோழிக்கூட்டுக்கு உதவும்" எண்டு சொல்லுறது இஞ்ச கேக்குது.